விலக்கும் விதியும்

வியாபாரம் என்றாலே பொய்தான் என்பது என் நண்பர் ஒருவருடைய சித்தாந்தம். நான் கல்லாவருகே தவறவிட்டு வந்த பத்து ரூபாய் நோட்டை, எங்கள் தெருக்கோடி மளிகைக்கடைக்காரர் கடைப்பையன் மூலம் வீடு தேடிக் கொடுத்தனுப்பிய அதிசயத்தை ஒரு நாள் அவரிடம் விஸ்தாரமாக எடுத்துரைத்தேன். அவரோ சற்றும் அசையாமல், 'எக்ஸெப்ஷன் புரூவ்ஸ் த ரூல்' என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். விதிவிலக்கு விதியை நிரூபிக்கிறதாம்! பானையில் விழுந்த ஓட்டையே அது ஓட்டைப் பானையன்று என்பதற்குச் சாட்சி என்பது போலல்லவா இருக்கிறது என்று அன்றிரவெல்லாம் என் மனம் குழம்பிற்று.

'புரூவ்' என்ற சொல்லுக்குச் சோதித்தல் என்ற பழம்பொருளும் உண்டு. ஆகவே விலக்கு விதியைச் சோதிக்கிறது என்று கொள்க எனச் சமாதானம் கூறுவோர் உளர். இனிமையான சமாதானந்தான், ஆனால் அவ்வாக்கியத்தின் பூர்வோத்தரம் ரோமாபுரியின் நீதிஸ்தலத்தில் இருக்கிறது. கி.மு. 56இல், ஸ்பெயின் தேசத்துக் காடிஸ் நகரத்தவரான பால்பஸ் என்பவர் பெற்ற ரோமக் குடியுரிமை செல்லாது என்று வழக்கு வந்தபோது, அவருக்காக வாதாடிய ஸிஸரோ, வேறு சில இனத்தாரோடு செய்த உடன்படிக்கைகளில் அவர்களுள் எவரையும் குடியாக ஏற்கலாகாதென்று விலக்கி எழுதியிருப்பதால், அவ்விதம் விலக்கி எழுதாத இடத்தில் ஏற்கலாம் என்பதே விதியாகும் என்று வாதித்தார். அந்த நியாயமே பிற்காலத்தில் லத்தீன் சட்ட வாக்கியமாகி, 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திலும் புகுந்தது. சொல்லப்பட்ட விலக்கு, சொல்லப்படாத விதிக்குச் சாட்சி. அதன் தாத்பரியம் அவ்வளவே.

இந்த நியாயத்தை அறிய லத்தீன் வேண்டுவதில்லை. மறுநாட்காலை, "இன்றைக்குக் காபி நன்றாயிருக்கிறது" என்று நான் சொல்லி வாய் மூடுமுன், "அப்படியானால் நேற்று வரையில்?" என்று கேட்டாள் என் மனைவி.

நண்பருடைய பிரயோகம் பிழையென்று அவரிடம் எடுத்துக்காட்டப் புறப்பட்ட நான், அந்தக் கேள்வி நினைவுக்கு வரவே, வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். காலையில் சூரியன் உதித்ததை அதிசயமென்று எவரும் நண்பர் வீடு தேடிப்போய்ச் சொல்வதில்லை. கடைக்காரர் ஒருவர் யோக்கியமாக நடந்துகொண்டதை மட்டும் நான் ஏன் அப்படிச் சொன்னேன்? நண்பர் வாய்விட்டுச் சொன்ன அதே விதி, சொல்லாமலே என் நெஞ்சிலும் எழுதப்பட்டிருந்தது. அந்தப் பத்து ரூபாய்க் கதைதான் அதற்குச் சாட்சி.