பில்லை விரி, தலையை நிமிர்த்து!

போன் அடிக்கிறது. உன் கை நடுங்குகிறது.

ஏன்?

யாரைக் கொன்றாய்? எந்த வீட்டில் களவாண்டாய்?

அப்பாவுக்கு நெஞ்சு வலி என்றதும் நடுராத்திரியில் கங்கைகொண்டானிலிருந்து திருநெல்வேலிக்கு ஓடினாய். முதலில் இடம் கிடைத்த ஆஸ்பத்திரியில் சேர்த்தாய். நீட்டின தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டாய். பெற்றவர் உயிரைக் காப்பாற்ற ஓடின பிள்ளை நீ! இதில் கூனிக் குறுக என்ன இருக்கிறது?

பில்லில் தப்பு இருக்கிறது என்று உனக்குத் தெரியும். கவுண்டரில் நிற்கும்போதே தெரியும். கேட்கவில்லை. "பெரிய இடம், நமக்கென்ன தெரியும்" என்று கடனை வாங்கிக் கட்டிவிட்டு வந்தாய்.

இப்போது வசூல் ஆள் கேட்கிறான். நீ அடுப்படிக்குள் போய் ஒளிகிறாய்.

வெளியே வா!

கங்கைவரை படை அனுப்பி வென்ற ராஜேந்திர சோழனின் பட்டப்பெயரை ஊர்ப்பெயராகச் சுமக்கிற மண் இது. சிப்காட்டில் ராத்திரி ஷிப்டு முடித்து, கண்ணெரிச்சலோடு கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிற உழைப்பாளி நீ. உன் உழைப்புக்குக் கணக்குக் கேட்கிற உலகத்தில், உன்னிடம் வாங்கின பணத்துக்கு நீ கணக்குக் கேட்கக் கூடாதா?

"நான் படிக்காதவன்" என்கிறாயா?

மளிகைக் கடைச் சிட்டையில் ஒரு கிலோ பருப்பு கூட எழுதியிருந்தால் கண்டுபிடிக்கிறாய் அல்லவா? அந்தக் கண் போதும்!

அந்தப் பில்லை எடு. பீரோவுக்குள் மடித்து வைத்தால் அது சின்னதாகிவிடாது. தரையில் விரி. ஒரு பென்சில் எடு.

"மருந்து" என்று ஒரே வரியில் பெரிய தொகை போட்டிருக்கிறதா? அதை ஒப்புக்கொள்ளாதே. எந்த மருந்து, எத்தனை, என்ன விலை? விவரப் பில் கேள். அட்டையில் அச்சடித்த எம்.ஆர்.பி.க்கு மேலே ஒரு ரூபாய் வாங்கினாலும் அது தப்பு.

தீவிர சிகிச்சைப் பிரிவில் அப்பா எத்தனை நாள் இருந்தார்? பில்லில் எத்தனை நாள்? வார்டுக்கு மாற்றின அன்றைக்கு இரண்டு படுக்கைக்கும் வாடகை விழுந்திருக்கிறதா? எந்த டாக்டர் எத்தனை தடவை பார்த்தார்? பிரிக்காமல் திருப்பிக் கொடுத்த ஊசி மருந்துக்குப் பணம் கழித்தார்களா? ஒரே நாளில் அத்தனை ஜோடி கையுறை யார் போட்டது?

ஒவ்வொரு வரிக்கும் ஒரு டிக். புரியாத வரிக்கு ஒரு வட்டம். வட்டம் போடும்போதே உன் பயம் பாதி இறங்கும். பார்!

ஸ்டென்ட் வைத்தார்களா? நினைவில் வை. மருந்து பூசின ஸ்டென்ட் ஒரு காலத்தில் லட்சம் ரூபாய்க்கு மேல் விற்றது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் அதற்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. அதற்குப் பின் அந்த வரம்பு அவ்வப்போது திருத்தப்படுகிறது. ஆனால் வரம்பு நீங்கிவிடவில்லை. உன் பில்லில் என்ன விலை? பார்த்தாயா?

கேஸ் ஷீட் தர மாட்டேன் என்கிறார்களா? நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று 2002-லேயே மருத்துவக் கவுன்சில் விதி எழுதிவிட்டது. "தாங்க" என்று கெஞ்சாதே. "விதிப்படி தாருங்கள்" என்று எழுதிக் கேள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வீட்டில் இருக்கிறதா? ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை! திட்டத்தில் அனுமதி வாங்கின சிகிச்சைக்கு உன்னிடமும் தனியாகக் காசு வாங்கினார்களா? 1800 425 3993. கூப்பிட்டுப் புகார் சொல்.

"பணத்தைக் கட்டினால்தான் ஆளை விடுவோம்" என்றார்களா? பணத் தகராறைச் சொல்லி நோயாளியையோ இறந்தவர் உடலையோ பிடித்து வைக்கக் கூடாது என்று தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளி உரிமைச் சாசனம் சொல்கிறது. அன்று தெரியவில்லை. இன்று தெரிந்துகொண்டாய். அடுத்த வீட்டுக்காரனுக்கும் சொல்!

இப்போது, போனில் கத்துகிறவன் யார் என்று பார்ப்போம்.

ஆஸ்பத்திரி நேராக ஆள் அனுப்புவது குறைவு. பெரும்பாலும் அந்தப் பில்லைக் கட்ட நீ கடன் வாங்கின இடத்து ஆள்தான் அவன். வங்கியா? பைனான்ஸ் கம்பெனியா? மகளிர் குழு லோனா? லோன் ஆப்பா? பக்கத்து ஊர் வட்டிக்காரனா? பிரித்துப் பார்! பில் தகராறு ஆஸ்பத்திரியோடு. தவணைக் கணக்கு கடன் கொடுத்தவனோடு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, "பில்லே தப்பு, அதனால் ட்யூ கட்ட மாட்டேன்" என்று முரண்டு பிடிக்காதே. அது உன்னையே கவிழ்க்கும்.

நியாயமாகக் கொடுக்க வேண்டியதைக் கொடு. வங்கி வழியாகக் கொடு, ரசீதோடு கொடு. உழைத்துப் பிழைக்கிறவனுக்கு அதுவே கௌரவம்.

ஆனால் மிரட்டலைப் பொறுக்காதே!

காலை 8 மணிக்கு முன்னாலும் ராத்திரி 7 மணிக்குப் பின்னாலும் வசூல் ஆள் கூப்பிடக் கூடாது. திட்டக் கூடாது. மிரட்டக் கூடாது. நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது. உன் சொந்தக்காரரையும் சிநேகிதரையும் தொந்தரவு செய்யக் கூடாது. 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு இது. குழு லோனுக்கு இன்னும் இறுக்கம்: காலை 9-க்கு முன்னும் மாலை 6-க்குப் பின்னும் பேச்சே கிடையாது.

அடியாள் வைத்துக் கடன் வசூலிக்க வங்கிகளுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே அடித்துச் சொல்லிவிட்டது.

இத்தனையும் இருந்தும் அவன் ஏன் கத்துகிறான்? நீ கேட்க மாட்டாய் என்ற தைரியத்தில்தான்!

கேள்! "உங்கள் பேர் என்ன? எந்தக் கம்பெனி? அடையாள அட்டை எங்கே? அங்கீகாரக் கடிதம் எங்கே?" குரலை உயர்த்தாதே. பதிலை நோட்டில் எழுது. தேதி, மணி, சொன்ன வார்த்தை எல்லாம் எழுது. போனில் பதிவு செய்.

"வீட்டுச் சாமானை எல்லாம் தூக்கிடுவோம்" என்கிறானா? சிரி! வழக்குப் போட்டு ஜெயித்துத் தீர்ப்பு வாங்கினவன்கூட, நீ உடுத்தும் துணியையும், சமைக்கும் பாத்திரத்தையும், படுக்கும் பாயையும் ஜப்தி செய்ய முடியாது. வழக்கப்படி பெண்கள் கழற்றாத நகையைத் தொட முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 60. நீதிமன்றமே தொடாத சட்டியைத் தெருவில் வந்தவன் தொடுவானா?

அதற்காக நீதிமன்றத்திலிருந்து வருகிற சம்மனை மூலையில் போடாதே. போகாமல் இருந்தால் ஒருதலையாகத் தீர்ப்பாகிவிடும். எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதே. செக் திரும்பினால் அது தனியாகக் கிரிமினல் வழக்கு. தொகை எழுதாத புரோநோட்டும் வேண்டாம். எத்தனை குடும்பம் அந்த ஒரு கையெழுத்தில் மூழ்கியிருக்கிறது!

கடன் கொடுத்த வங்கிக்கோ கம்பெனிக்கோ புகார் எழுது. 30 நாளில் சரியான பதில் இல்லையா? ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போ. கட்டணம் இல்லை. சந்தேகம் கேட்க 14448.

ஆஸ்பத்திரிக்கும் ஒரு கடிதம். நீளம் வேண்டாம். சேர்ந்த தேதி, வந்த தேதி, பில் எண். "இந்தந்த வரிகளை நான் ஏற்கவில்லை. காரணம் இது. விவரப் பில்லும் ஆவண நகலும் தாருங்கள். கூடுதலாக வாங்கினதைத் திருப்பித் தாருங்கள்." பாக்கி இருந்தால், தகராறு இல்லாத தொகையை மட்டும் கட்டி, அதையும் கடிதத்தில் எழுது. ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட். நகல் உன் கையில்.

"பெரிய ஆஸ்பத்திரியை எதிர்த்து நான் ஜெயிப்பேனா?"

காசு வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டின சேவைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார்க் கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாமல் நீயே நின்று பேசலாம். ஆனால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். "அப்புறம் பார்க்கலாம்" என்கிறாயே, அந்த அப்புறம் உன் உரிமையைத் தின்றுவிடும்!

இனிச் சொல்லப் போவது நம் மாவட்டத்தின் காயம்.

2017 அக்டோபர் 23. திங்கட்கிழமை. மனு வாங்குகிற நாள். கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு கூலித் தொழிலாளி மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் வந்தார். கந்துவட்டிக் கொடுமை. வாங்கினதற்கு மேலே கட்டியும் தொல்லை ஓயவில்லை. அந்த வளாகத்தில் நேர்ந்த துயரத்தில் நால்வரையும் நாம் இழந்தோம்.

அவர் கோழை என்று யாரும் வாய் திறக்காதீர்கள். அவர் மனு கொடுக்காமல் இல்லை. திரும்பத் திரும்பக் கொடுத்தார். தோற்றது அந்த மனுக்களை வாங்கிப் போட்ட மேசைகள்!

இத்தனைக்கும் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. கட்டாயக் கடன் வசூலுக்கு எதிராக 2025-ல் தமிழ்நாடு இன்னொரு சட்டமும் கொண்டுவந்தது. மிரட்டி வசூலிக்கிறவனுக்குச் சிறை உண்டு. சட்டம் ஏட்டில் தூங்கினால் யாருக்கு லாபம்? நீ தட்டினால்தான் அது எழும்.

ஆகவே தனியாகப் போகாதே!

கங்கைகொண்டான் காவல் நிலையத்துக்குப் போகிறாயா? கூட இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் படி இறங்காதே. தரவில்லையா? எஸ்.பி. அலுவலகம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகம். அங்கேயும் மனு எண் வாங்கு. முதல் மனு தூங்கினால் இரண்டாவது மனுவில் முதல் மனுவின் எண்ணை எழுது. இரண்டாவதும் தூங்கினால் வக்கீலோடு போ.

"வக்கீலுக்குக் காசு?"

சிப்காட்டில் தொழிலாளியா நீ? சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987. பிரிவு 12. இலவச வக்கீல் பெற உரிமையுள்ளவர்கள் பட்டியலில் ஆலைத் தொழிலாளி என்றே எழுதியிருக்கிறது! பெண்களுக்கு உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்கும் உண்டு. இது தானம் இல்லை. உன் உரிமை.

"ஊர் என்ன சொல்லும்?"

இந்தக் கேள்விதான் உன்னைக் கொல்கிறது. கடன்காரன் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, இந்தக் கேள்வி! வசூல் ஆள் தெருவில் நின்று கத்துவது எதற்கு? இதை நம்பித்தான்.

உன் மனைவியிடம் முழுக் கணக்கையும் சொன்னாயா? அண்ணனிடம்? கூட வேலை பார்க்கிறவனிடம்? சொல்! இன்றைக்கே சொல். நீ முந்திச் சொல்லிவிட்டால், தெருவில் நின்று கத்துகிறவனிடம் சொல்ல என்ன மிச்சம் இருக்கும்?

கடன் தொகை எவ்வளவானாலும் அது ஒரு எண். உன் உயிரை அடகு வைக்கிற அளவுக்கு எந்தப் பில்லும் பெரியதில்லை! மனசு இருண்டு போகிறதா? மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் எடுப்பார்கள். தமிழில் பேசுவார்கள். முதலில் அந்தப் போனைப் போடு. மற்றதெல்லாம் பிறகு.

இழுத்தடிப்பார்கள். வாய்தா மேல் வாய்தா விழும். கேட்டது முழுதும் கிடைக்காமல் போகலாம். போகட்டும்! பாதி திரும்பினாலும் அது உன் பணம். ஒரு ரூபாய் திரும்பாவிட்டாலும், மிரட்டல் நின்றால் உன் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

இன்று ராத்திரி பில்லில் வட்டம் போட்டு முடி. நாளைக்குக் கடிதத்தைத் தபாலில் சேர். எழுத வரவில்லையென்றால் பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போ. போக முடியவில்லையென்றால் 15100-க்குக் கூப்பிடு. காசு கேட்க மாட்டார்கள்.