கூட்டமும் குழுவும் – ஓர் அறநோக்கு

ஒருவராற் செய்யவியலாத வினையைப் பலர் கூடின் எளிதில் முடிக்கலாம் என்பது பொதுவான நம்பிக்கை. ஆயின் கூடுதல் மட்டுமே வலிமையாகிவிடுவதில்லை. பிரான்சிய வேளாண்மைப் பொறியியலாளரான மக்சிமிலியன் ரிங்கல்மன், ஆட்களைக் கயிறிழுக்கச் செய்து பெற்ற முடிவுகளை 1913இல் வெளியிட்டார். இழுப்போர் தொகை பெருகப் பெருக, ஒவ்வொருவரும் சராசரியாகச் செலுத்திய விசை குறைந்தே சென்றது. இழுக்கும் கணங்கள் ஒத்திசையாமையும், மற்றவர் இழுப்பார் என ஒருவர் தளர்வதும் இதற்குக் காரணங்களாகக் காட்டப்பட்டன. அவ்வாறாயின், கூட்டத்தைக் குழுவாக்குவது யாது? முகாமை பற்றியதாகத் தோன்றும் இவ்வினா, அடிப்படையில் அறம் பற்றியதேயாகும்.

மலையகத்தில் இவ்வினாவுக்குத் தனிப்பொருளுண்டு. நுவரெலியா மாவட்டத்துப் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கு, பிற தேயிலை நிலங்களைப் போலவே கூட்டுழைப்பால் உருவானது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பெரும்பாலும் கங்காணியின் கீழ்க் கூட்டங் கூட்டமாகவே கொண்டுவரப்பட்டனர். கங்காணியும் அவரது ஆட்களும் பட்ட கடன் இவ்வளவு, அதனைச் செலுத்துவோரிடம் இவர்களை விடுவிக்கலாம் எனத் துரை எழுதிக் கொடுத்த சீட்டே ‘துண்டு’ எனப்பட்டது. அதனைக் கொண்டே ஒரு கூட்டம் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறியது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை ஒழித்தது. அக்கூட்டம் ஒன்றாகவே பெரட்டுக்கு வந்தது, ஒன்றாகவே மலையேறியது. உழைப்பில் அதற்கு ஈடில்லை. ஆயினும் மேலிருந்து அதனைக் கட்டிவைத்த கயிறு, கடனும் அச்சமுமே. வேலைக்கு வந்த தலைகளை எண்ணிக் கங்காணி பணம் பெற்றார்; உழைத்தவர் பெயர் கணக்கேட்டுக்கு அப்பால் அறியப்படவில்லை. அச்சத்தாற் கட்டப்பட்ட இடத்திலே, நேர்ந்த பிழையை ஒளிப்பதே விவேகமாகிவிடும்.

அதே தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை வேறொரு பாடம் புகட்டுகின்றது. கொய்த கொழுந்து வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, நொதிக்க விடப்பட்டு, ஏறத்தாழ 3 சதவீத ஈரம் எஞ்சும்வரை உலர்த்தப்பட்டு, இறுதியிலே தரம் பிரிக்கப்படுகின்றது. மழைநாட் கொழுந்து போதிய அளவு வாடவில்லையாயின், அதனை வாட்டியவர் அவ்வுண்மையை அடுத்த நிலையிலுள்ளவருக்கு உரைத்தல் வேண்டும். உரைப்பின் அவர் தம் செய்முறையைச் சற்று மாற்றிக் கொள்ளலாம். மறைப்பின், பின்னுள்ளோர் எத்துணை வல்லுநராயினும் முன்னர் நேர்ந்த குறை தேநீரிலே வெளிப்படும். எனவே கூட்டுவினையில் ஒருவரது மௌனம் அவரோடு நின்றுவிடுவதன்று.

இக்கருத்தை இன்றைய கல்லூரியொன்றிற் பொருத்திப் பார்க்கலாம். 2013இல் க.பொ.த. உயர்தரத்திலே தொழினுட்பவியற் பிரிவு அறிமுகமாயிற்று. விஞ்ஞான, கணித ஆசிரியர் பற்றாக்குறையால் கலைப் பிரிவையே பெரிதும் நாடிவந்த மலையக மாணவருக்கு அது புதியதொரு வாயில். பொகவந்தலாவையிலே ஒரு கல்லூரியில் அத்தகைய பிரிவொன்று இயங்குவதாகக் கொள்க. பொறியியல் தொழினுட்பவியல் கற்பிப்பவர் ஒருவர். உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் கற்பிப்பவர் மற்றொருவர். கணினி கற்பிப்பவர் வேறொருவர். மண்ணின் ஈரத்தை அறிந்து தானே நீர் பாய்ச்சும் கருவியொன்றைத் தேயிலை நாற்றுமேடைக்கு அமைக்க அவர்தம் மாணவர் முற்படுகின்றனர். கன்றுக்கு வேண்டும் நீரின் அளவை ஒருவன் அறிவான். குழாயும் மின்கம்பியும் பொருத்த ஒருத்தி வல்லவள். கணினிக்குக் கட்டளை எழுத இன்னொருவன் கற்றவன். எவரும் தனித்து இதனை முடித்தல் இயலாது.

சில நாள்களிற் கன்றுகள் வாடுகின்றன. கம்பியொன்று தளர்ந்திருந்ததை அதனைப் பொருத்தியவள் முன்னரே அறிவாள். ஏச்சுக்கு அஞ்சி வாய்திறவாதிருந்தாள். “யார் செய்த வேலை இது?” என்று ஆசிரியர் சினந்து வினவுவாராயின், அடுத்தமுறை எல்லோருமே வாய்மூடுவர். “எங்கே பிழைத்தது?” என்று வினவுவாராயின் கம்பியும் திருந்தும், கருவியும் இயங்கும். வினாக்கள் இரண்டும் ஒன்று போலத் தோன்றினும், முதலாவது கூட்டத்தை ஆள்கின்றது. இரண்டாவது குழுவை வளர்க்கின்றது.

இது வெறும் கற்பனையன்று. அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மன்சன், மருத்துவமனைப் பிரிவுகளிலே மருந்து வழங்குவதில் நேரும் தவறுகளை ஆராய்ந்து 1996இல் கட்டுரையொன்று வெளியிட்டார். நல்ல தலைமையும் இணக்கமும் வாய்ந்த பிரிவுகளிலேயே கூடுதலான தவறுகள் பதிவாகியிருந்தன. அங்குப் பணிபுரிந்தோர் தவறுகளை அச்சமின்றி வெளியிட்டமையே இதற்கு விளக்கமென அவர் கருதினார். பதிவேடு தூய்மையாயிருப்பது பணி தூய்மையாயிருப்பதற்குச் சான்றாகாது என்பது இதனாற் பெறப்படும்.

இங்கே இரு மறுப்புகள் எழக்கூடும். பிழையைப் பொறுப்பதாயின் பொறுப்புணர்ச்சி அழியாதோ என்பது முதலாவது. அச்சமின்மை வேறு, தண்டனையின்றி அலட்சியமாயிருக்கும் உரிமை வேறு. தன் பிழையைக் கூறுபவர் அதனைத் திருத்தும் கடமையையும் உடன் ஏற்கின்றார். மறைப்பவரோ தம் பிழையின் சுமையை அறியாத பிறர்மீது ஏற்றுகின்றார். ஆதலின் பிழையினும் மறைத்தலே பெரிய குற்றமாகும்.

மூத்தோர் முன் மறுத்துரையாமையே பண்பு என்பது இரண்டாவது மறுப்பு. இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. லயத்து வீட்டிலே பெரியவர் சொல்லுக்கு அடங்கி வளர்ந்த பிள்ளைக்கு, “சேர், இந்தக் கணக்குப் பிழை” என்று கூறுவது மரியாதைக் குறைவாகவே தோன்றும். ஆயின் ஆசிரியர் தவறான அளவோடு வகுப்பிலே அவமானப்படுவதை அறிந்தும் வாளாவிருத்தல் மரியாதையாகுமா? உண்மையைப் பணிவோடு உரைத்தலே மூத்தோருக்குச் செய்யும் மெய்யான மரியாதை. அதற்கு வழி திறக்கவேண்டியவர் மூத்தோரே. துறைத்தலைவர் தம் பிழையைத் தாமே முதலில் எடுத்துரைப்பாராயின், மாணவனின் நா தானே கட்டவிழும்.

யாரிடம் எவ்வினையை ஒப்படைப்பது என்பதை ஆராயத் திருக்குறள் ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரத்தையே வகுத்துள்ளது. ஆற்றலறிந்து பொறுப்பளித்தலும், அளித்தபின் நம்பிவிடுதலும் தலைமையின் கடன்கள். இவற்றோடு மூன்றாவதொன்றும் சேர்த்தற்குரியது: புகழைப் பகிர்தல். கண்காட்சியிலே மாணவரின் கருவியைத் தம் பெயராற் காட்டும் தலைவர், தலையெண்ணிப் பணம்பெற்ற பழைய கங்காணியினின்றும் எவ்வகையில் வேறுபட்டவர்?

கடன்சீட்டொன்றின் பெயரால் ஒன்றாக நடத்திச் செல்லப்பட்டோரின் வழித்தோன்றல்கள், இன்று விரும்பிக் கூடி வினையாற்றக் கற்கின்றனர். அவர்தம் கையிலே கருவிகள் புதியன. அவற்றோடு பழைய அச்சமும் கைமாறுமாயின் ஆய்கூடமும் இன்னொரு பெரட்டுக்களமாகிவிடும். தன் கம்பி தளர்ந்திருப்பதை அம்மாணவி தயங்காமற் சொல்லக்கூடிய இடமாக அதனை ஆக்குதல், அங்குள்ள ஆசிரியர், மாணவர் யாவரதும் அறக்கடமையாகும்.