ஒரு பச்சைப் புள்ளி

பிசிறு வெட்டும் கத்தரியை கீபோர்டின் மேல் வைத்தது ஞாபகம் இல்லாமல் லேப்டாப்பை மூடிவிட்டேன். பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு அந்தக் கத்தரி தெரியும். விரல் நுழைக்க வளையம் இருக்காது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மறுபடி திறந்தபோது திரையின் வலது மூலையில் மை கொட்டியது போல ஒரு கறை, அதிலிருந்து மேலே நாலைந்து கோடுகள். சாயங்காலத்துக்குள் கறை பாதித் திரையைத் தின்றிருந்தது.

பெருமாநல்லூர் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருக்கும் சின்ன ரிப்பேர் கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. மேஜை மேல் வெள்ளை பனியன் வேஸ்ட் துணியை விரித்து லேப்டாப்பைக் குழந்தையைப் போலக் கிடத்தினார். திரையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் சட்டத்தை ஒரு தகட்டால் நெம்பி எடுத்து, நாலு திருகைக் கழற்றி, பேனலை முன்பக்கமாகச் சாய்த்தார். பின்னால் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை போன் கேமராவில் பெரிசுபடுத்திப் படித்தார். அதிலிருக்கும் நம்பர்தான் எல்லாம். எத்தனை இன்ச், எந்த ரெசல்யூஷன், கேபிளுக்கு முப்பது பின்னா நாற்பது பின்னா என்பதெல்லாம் அதற்குள் அடக்கம்.

நான் எல்லோரும் கேட்கிறதைக் கேட்டேன். "ஒரிஜினல் ஸ்க்ரீன்தானுங்ணா போடுவீங்க?"

"எந்த ஒரிஜினலுங் தம்பி?" என்று சிரித்தார். ஸ்டிக்கரை என் பக்கம் திருப்பினார். "மூடி மேல இருக்கற பேரு இங்க எங்கீங்க இருக்குது?"

இல்லைதான். லேப்டாப் கம்பெனிகளில் பெரும்பாலானவை திரை செய்வதில்லை. சீனாவின் பிஓஇ, தைவானின் ஏயூஓ, இன்னோலக்ஸ், கொரியாவின் எல்ஜி டிஸ்ப்ளே என்று சில தொழிற்சாலைகள்தான் செய்கின்றன. அதே பேனல் மூன்று வெவ்வேறு பிராண்டு மூடிகளுக்குள் உட்கார்ந்திருக்கும். திருப்பூர்க்காரனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாங்கள் தைக்கிற சட்டையின் கழுத்தில் இருப்பது இன்னொருத்தர் பேர். ஆனாலும் எனக்கு என் தொழில் அப்போது ஞாபகம் வரவில்லை. கடையில் நின்றால் நானும் வெறும் கஸ்டமர்தான்.

"புதுசுன்னா அஞ்சாயிரத்து எட்டுநூறுங்க. ஒரு வருச வாரண்டி. இல்லீன்னா கழட்டுனது ஒண்ணு இருக்குது, போர்டு போன மிசின்ல இருந்து எடுத்தது. மூவாயிரத்து எட்டுநூறு சொல்லுவேன். ஆனா அதுல ஒரு புள்ளி இருக்குதுங் தம்பி. ஐநூறு கழிச்சுக்கோங்க."

பேனலைக் கேபிளில் மாட்டி எரியவிட்டார். பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. வெள்ளைத் திரையில் பார்த்தேன், அப்போதும் தெரியவில்லை. கறுப்பு வைத்து, இடது கீழ்மூலைப் பக்கம் விரலைக் கொண்டுபோய்க் காட்டின பிறகுதான் ஒரு மணல் துகள் அளவுக்குப் பச்சையாக ஒன்று எரிவது தெரிந்தது.

"இதச் சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதேங்ணா?"

"உங்களுக்குத் தெரியாதுங்க. நான் பாத்துப்போட்டேனுங்களே."

சொல்லிவிட்டு அவர் திருகுகளைத் தேட ஆரம்பித்துவிட்டார். அவருக்கு அது ஒரு பேச்சே இல்லை. எனக்குத்தான் அந்த வாக்கியம் தொண்டையில் மாட்டிக்கொண்டது.

அந்தப் புள்ளியைப் பற்றித் திரைத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று துணைப் பிக்சல்கள். அதில் ஒன்று அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் இப்படிப் பச்சைப் புள்ளி. 2001இல் வந்த ஐஎஸ்ஓ 13406-2 என்ற தரநிர்ணயம் இதற்கு வகுப்பு பிரித்தது. முதல் வகுப்பில் ஒரு குறைகூட ஆகாது. இரண்டாம் வகுப்பில், பத்து லட்சம் பிக்சலுக்கு எப்போதும் வெள்ளையாக எரிவது இரண்டு, எப்போதும் கறுப்பாக இருப்பது இரண்டு, துணைப் பிக்சல் குறை ஐந்து வரை இருக்கலாம். பிறகு 2008இல் அது ஐஎஸ்ஓ 9241 வரிசைக்குள் போனது. என் திரையில் 1920க்கு 1080, அதாவது 20 லட்சத்துச் சொச்சம் பிக்சல். இரண்டாம் வகுப்புக் கணக்கில் என் பச்சைப் புள்ளி மாதிரி பத்து இருந்தாலும் அது பழுதில்லாத திரை. கடைக்காரர் ஐநூறு ரூபாய் கழித்தது, இந்தக் கணக்குப்படி குறையே இல்லாத ஒரு குறைக்கு.

எங்கள் தொழிலிலும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. நான் மெர்ச்சண்டைசர். பையருக்கும் ப்ரொடக்ஷனுக்கும் நடுவில் மெயில் அனுப்புகிற வேலை. சரக்கு பேக் ஆனதும் பையர் தரப்பு இன்ஸ்பெக்டர் வருவார். எல்லா பீஸையும் பார்க்க முடியாது. ஏக்யூஎல் அட்டவணைப்படி, 3,201இலிருந்து 10,000 பீஸ் வரை உள்ள ஆர்டருக்கு வழக்கமான அளவில் 200 பீஸ் எடுப்பார்கள். பெரிய குறைகளுக்கு 2.5 என்று பேசியிருந்தால், அந்த இருநூறில் பத்து இருந்தால் பாஸ், பதினொன்று இருந்தால் பெயில். அந்தப் பதினோராவது பீஸுக்காக ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் செக்கிங் டேபிளில் உட்கார்ந்த கதை திருப்பூரில் வீட்டுக்கு வீடு இருக்கும்.

இந்த எண்கள் மோசமானவை என்று சொல்லவரவில்லை. கையால் செய்கிற எதிலும் குறை இருக்கும். எவ்வளவு வரைக்கும் சண்டை போடமாட்டோம் என்று வாங்குகிறவரும் விற்கிறவரும் முன்கூட்டியே பேசிக்கொள்வது நாகரிகமான காரியம்தான். ஆனால் அந்த எண் இன்னொன்றையும் செய்கிறது. நான் கண்ணால் கண்ட ஒரு குறையை எண்ணிக்கையாக மாற்றிவிடுகிறது. எண்ணிக்கை வரம்புக்குள் இருந்தால் எனக்குத் தெரிந்தது தெரியாததாகிவிடுகிறது.

போன வருஷம் 6,400 பீஸ், நேவி புளூ டி-ஷர்ட். கழுத்து ரிப் பத்தாமல் போய், கடைசி எழுநூறு பீஸ் சொச்சத்துக்கு இரண்டாவது லாட்டில் சாயம் போட்டு வாங்கினோம். வந்த ரிப்பை லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தேன். டி 65 விளக்கில், அதாவது பகல் வெளிச்சத்துக்கு இணையான விளக்கில், உடம்புத் துணியும் ரிப்பும் ஒரே நிறம். டி.எல். 84 பட்டனைத் தட்டினேன். ஐரோப்பியக் கடைகளின் ட்யூப்லைட்டுக்கு இணையான விளக்கு அது. ரிப் லேசாகச் சிவப்படித்தது. சாயக்காரர்கள் இதை மெட்டாமெரிசம் என்பார்கள். இரண்டு சாயக் கலவைகள் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் தெரியும்.

மேனேஜரிடம் காட்டினேன். "கேட்டா சொல்லு, கேக்காட்டி விடு" என்றார். இன்ஸ்பெக்டர் வந்தார், ஜன்னலோரம் டேபிளைப் போட்டுப் பார்த்தார், பெரிய குறை ஆறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அட்டைப்பெட்டிகளை நாங்கள் ஒளித்துவைக்கவும் இல்லை. பொய் என்று ஒரு சொல்கூட யாரும் சொல்லவில்லை. அதனால்தான் அது இவ்வளவு நாள் எனக்கு உறுத்தவில்லை.

இந்தக் கேள்வி கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. கி.மு. 44இல் ரோமானியரான சிசரோ தன் மகனுக்கு எழுதிய 'கடமைகள்' நூலின் மூன்றாம் பகுதியில் ஒரு தானிய வியாபாரி வருகிறான். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாண்டிரியாவிலிருந்து கப்பல் நிறையத் தானியத்தோடு வந்து இறங்குகிறான். பின்னாலேயே இன்னும் பல தானியக் கப்பல்கள் வருவதைக் கடலில் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். ஊர்க்காரர்களுக்கு அது தெரியாது. சொன்னால் விலை விழும். சொல்ல வேண்டுமா?

ஸ்டோயிக் மரபின் இரண்டு பேரை சிசரோ மோதவிடுகிறார். குரு பாபிலோனின் டயோஜெனீஸ், சிஷ்யன் ஆன்டிபேட்டர். சட்டம் சொல்லச்சொன்ன குறையைச் சொன்னால் போதும் என்கிறார் குரு. ஒளிப்பது வேறு, பேசாமல் இருப்பது வேறு. தெரிந்ததெல்லாம் சொல்ல வேண்டுமென்றால் அப்புறம் வியாபாரம் எதற்கு, சும்மா கொடுத்துவிட்டுப் போகலாமே. எல்லாவற்றையும் சொல் என்கிறார் சிஷ்யன். சிசரோ சிஷ்யன் பக்கம். தெரிந்துகொள்வதால் யாருக்கு நன்மையோ, அவருக்கு அது தெரியாமல் இருப்பதில் உனக்கு லாபம் இருந்து, அதற்காக நீ வாயை மூடினால் அது ஒளிப்பதுதான் என்கிறார்.

நம் ஊர்ச் சட்டம் குரு பக்கம் நிற்கிறது. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பேசவேண்டிய கடமை இருந்தாலோ மௌனமே பேச்சுக்குச் சமமாக இருந்தாலோ ஒழிய வெறும் மௌனம் மோசடி ஆகாது என்கிறது. அதற்குக் கொடுத்திருக்கும் உதாரணங்கள் சிறுகதை மாதிரி இருக்கும். நோயுள்ள குதிரை என்று தெரிந்தே ஒருத்தர் ஏலத்தில் விற்கிறார், ஒன்றும் சொல்லவில்லை: மோசடி இல்லை. வாங்குகிறவள் அப்போதுதான் மேஜரான அவருடைய மகள் என்றால்: சொல்லியே ஆகவேண்டும். 'நீ மறுக்காவிட்டால் குதிரை நல்லது என்று எடுத்துக்கொள்வேன்' என்று வாங்குகிறவர் சொல்லி, விற்கிறவர் பேசாமல் இருந்தால்: அந்த மௌனம் பேச்சு. கடைசி உதாரணத்தில் இரண்டு வியாபாரிகள்; விலை மாறப்போவது ஒருவருக்கு மட்டும் தெரியும், சொல்லத் தேவையில்லை. ரோட்ஸ் தீவின் தானிய வியாபாரி வேட்டி கட்டிக்கொண்டு வந்த மாதிரி இருக்கிறது.

என் மௌனம் இதில் எந்தக் குதிரை? ரொம்ப நாள் முதல் குதிரை என்றுதான் நினைத்தேன். பையர் என்ன பச்சைப்பிள்ளையா? ஒரு பீஸுக்குப் பத்து காசு குறைக்க மூன்று மாசம் பேரம் பேசுகிறவர். குறையை நாமே சொன்னால் டிஸ்கவுண்ட் கேட்பார், லேட் ஆனால் விமானத்தில் அனுப்பச்சொல்லி அந்தச் செலவையும் நம் தலையில் கட்டுவார். அந்தச் சனிக்கிழமை டைலருக்கும் கைமடிப் பெண்களுக்கும் வாரச் சம்பளம் எங்கிருந்து வரும்? அதோடு, அவர்களுடைய லிஸ்ட் எதை எண்ணியது? நூல் பிசிறை எண்ணியது. ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பாசனத்துக்காகக் கட்டப்பட்டு, சாயக்கழிவு தேங்கி, அந்தத் தண்ணீர் விவசாயிக்கு ஆகாமல் போனபோது எந்த இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டிலும் நொய்யல் ஒரு குறையாக ஏறவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச்சொல்ல வேண்டி வந்தது. அவர்கள் பார்க்காமல் விட்டதற்கு முன்னால் நான் சொல்லாமல் விட்ட ரிப் எம்மாத்திரம்?

இந்த வாதம் இன்றைக்கும் எனக்குப் பாதி சரியாகத்தான் படுகிறது. பலம் குறைந்தவனிடம் மட்டும் முழு உண்மையைக் கேட்பது ஒரு அநியாயம். ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது. ஒன்று, அந்தச் சட்டையைப் போடப்போகிறது பையர் இல்லை. இரண்டு, நொய்யலெல்லாம் எனக்கு அப்புறம் தோன்றியது. லைட் பாக்ஸ் முன்னால் நின்றபோது நான் ஆற்றை நினைக்கவில்லை. மெயில் டைப் பண்ணச் சோம்பல், மேனேஜரிடம் பயம், அவ்வளவுதான்.

காதர்பேட்டைக்குப் போனால் வேறு மாதிரி. அங்கே செகண்ட்ஸ் என்று சொல்லித்தான் செகண்ட்ஸ் விற்கிறார்கள். குவியலில் கைவிட்டால் "ஓட்ட இருக்கும், பாத்து எடுங்க" என்று கடைக்காரரே குரல் கொடுப்பார். லேபிளை வெட்டியிருப்பார்கள், யாருக்குத் தைத்தது என்பது மறைந்திருக்கும், என்ன குறை என்பது மறையாது. எக்ஸ்போர்ட்டில் நேர் எதிர். எங்கள் ஊரின் கௌரவமான முகம் எது, மட்டமான முகம் எது என்று நான் வைத்திருந்த வரிசை இப்போது கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

ரிப்பேர்காரருக்கு இதெல்லாம் சுலபம், ஐநூறு ரூபாய் விஷயம் என்று சொல்லிப் பார்த்தேன். அந்தச் சந்தில் கடை வாடகை என்ன இருக்கும், ஒரு நாளைக்கு எத்தனை லேப்டாப் வரும் என்று யோசித்தால் அந்த ஐநூறு சின்னத் தொகையில்லை. தவிர அவர் நல்லவர் என்பதால் சொன்னார் என்றும் நான் நினைக்கவில்லை. பார்த்திருக்காவிட்டால் சொல்லியிருக்க மாட்டார். ஒவ்வொரு பேனலையும் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிற ஆளும் இல்லை. அவர் வைத்திருக்கும் விதி சின்னது. தேடுவதற்குக் கடமை இல்லை, பார்த்துவிட்டால் உண்டு. ஆன்டிபேட்டர் கேட்டதைவிடக் குறைவு, சட்டம் கேட்பதைவிட அதிகம். கம்பெனிகளில் நாங்கள் கெட்டிக்காரர்கள், இந்த விதியையும் ஏமாற்றத் தெரியும்: "டி.எல். 84 போடாதே, பகல் வெளிச்சத்துல மட்டும் பாரு" என்றால் பார்க்கவே இல்லை என்றாகிவிடும். பார்க்காமல் இருப்பதற்கென்றே ஏற்பாடு செய்துகொண்டவனை இந்த விதி என்ன செய்யும் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

புள்ளி உள்ள பேனலையே போட்டுக்கொண்டேன். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தப் புள்ளியை நான் ஜென்மத்துக்கும் கவனித்திருக்க மாட்டேன். இப்போது ராத்திரி படம் பார்க்க உட்கார்ந்தால் கண் முதலில் இடது கீழ்மூலைக்குத்தான் போகிறது. ஐநூறு ரூபாய்க்கு இந்தத் தொந்தரவு கட்டுப்படியாகுமா என்று சில நாள் எரிச்சலாகக்கூட இருக்கும்.

இந்த மாசம் அதே பையருக்கு 4,800 பீஸ், மரூன். மறுபடி ரிப் பத்தவில்லை, மறுபடி இரண்டாவது லாட். செவ்வாய்க்கிழமை லைட் பாக்ஸில் வைத்தேன், இரண்டு பட்டனையும் தட்டினேன். போட்டோ எடுத்து, எத்தனை பீஸ், எந்தெந்தப் பெட்டி என்று எழுதி மெயில் அடித்துவைத்திருக்கிறேன். மேனேஜரிடம் சொன்னதற்கு, "மூணு நாள் பொறுப்பா, சாயக்காரங்கிட்டப் பேசறேன்" என்றார். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. பெட்டிகளுக்கு இன்னும் டேப் ஒட்டவில்லை.