அறியாப் பிழை

திருநாவலூர்த் திடலில் மாலைதோறும் இளைஞர்கள் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடக் காணும்போது, சேலம் மாவட்டச் சின்னப்பம்பட்டி நடராஜனை நினைத்துக்கொள்கிறோம். எளிய குடும்பத்துப் பிள்ளையாகிய அவர் பழகியதும் இதே பந்தில்தான். 2015 சனவரியில் தமிழகத்துக்காக முதல் ரஞ்சி ஆட்டம். அதிலேயே அவருடைய வீச்சின்மீது ஐயம் எழுந்தது. வீசுகையில் முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரலாகாது என்பது விதி.

அவர் எவரையும் ஏமாற்ற எண்ணவில்லை. கை பழகியபடி வீசிற்று. முழு அறிவும் முழுச் சம்மதமும் இன்றிச் சாவான பாவமில்லை என்று குருமடத்தில் கற்றோம். ஆயினும், எதிரே நின்ற மட்டையாளருக்கு வந்தது முறையற்ற பந்துதானே? குற்றமற்றவர்மீதும் ஒரு கடன் விழுகிறது. (பாட்டனார் எழுதிய ஓலைக்குச் சுந்தரர் ஆட்பட்ட கதை வழங்கும் ஊர் இது, இங்கே இதை விளக்குவது எளிது.)

பயிற்சியாளர்கள் துணையோடு நடராஜன் தம் வீச்சைப் புதிதாய்க் கற்றார். 2016 தமிழ்நாடு பிரீமியர் லீக், 2017இல் பஞ்சாப் அணி கொடுத்த 3 கோடி ரூபாய், 2021 சனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட்: இவற்றை யாவரும் அறிவர். சொந்தக் கையே அந்நியமாகிப்போன இடைக்காலத்தைத்தான் யாரும் பேசுவதில்லை.

நல்லெண்ணத்தோடு தவறுபவனுக்கு உணர்த்துவதா, விட்டுவிடுவதா? ஒப்புரவுத் தொட்டியில் அமர்ந்தவர்கள் அறிந்த பழைய வினா இது. அண்மையில் ஒரு சிறுவனின் முழங்கை மடங்கி நிமிரக் கண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னோம். அவன் பந்தை உருட்டியபடி நின்றான்.

"அப்போ இதுவரைக்கும் எடுத்த விக்கெட்டெல்லாம் செல்லாதா, சாமி?"

நமக்கு உடனே விடை வரவில்லை.