ஆயுத பூஜையில் துப்பாக்கி வைக்கலாமா?

ஆயுத பூஜைக்கு நம் வீடுகளில் என்னென்ன வைக்கிறோம்? அப்பாவின் ஸ்பேனர், அம்மாவின் தையல் மெஷின், மோட்டார் சாவி, பாடப் புத்தகம், இப்போது லேப்டாப். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் இருக்கும் என் பெரியப்பா மகன் போன வருஷம் வைக்க நினைத்ததோ வேறு: இரண்டு ரிவால்வர், ஒரு ரைபிள், ஒரு ஷாட்கன். அண்ணி ஒரே பிடியாக மறுத்துவிட்டார். "சாமி முன்னாடி அதையா? முடியவே முடியாது." நான் சமய வகுப்பு எடுக்கிறவன் என்பதால் பஞ்சாயத்து போனில் என்னிடம் வந்தது.

நம் ஊரில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. இங்கே லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. துப்பாக்கி என்றால் நமக்குப் போலீஸ், இல்லையென்றால் குண்டர் கும்பல். அதனால் அண்ணி சொன்னதே சரி என்று உடனே தலையாட்டத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அண்ணனுடைய விளையாட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பார்த்தவன் அவ்வளவு சுலபமாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அதற்கு 'கௌபாய் ஆக்‌ஷன் ஷூட்டிங்' என்று பெயர். 1980-களில் கலிபோர்னியாவில் தொடங்கிய போட்டி. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இருந்த துப்பாக்கிகள், அல்லது அவற்றின் நகல்கள் மட்டும்தான் அனுமதி. ஒவ்வொரு சுடுக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் இழுக்க வேண்டிய ரிவால்வர் இரண்டு, கைப்பிடியைக் கீழே தள்ளி இழுத்துத் தோட்டா ஏற்றும் ரைபிள் ஒன்று, பழைய மாதிரி ஷாட்கன் ஒன்று. அண்ணனிடம் இருப்பவை 1873-ஆம் ஆண்டுக் கோல்ட், வின்செஸ்டர் மாடல்களின் நகல்கள், இத்தாலியில் செய்தவை. தொப்பி, பூட்ஸ் என்று அந்தக் காலத்துப் பாணியில் உடுத்தி வர வேண்டும். எல்லோருக்கும் ஒரு புனைபெயர் உண்டு, ஒருவர் பதிந்த பெயரை இன்னொருவர் வைக்க முடியாது. வங்கியில் கணக்குப் பார்க்கிற மனுஷன் சனிக்கிழமை ஆனால் கொள்ளைக்காரன் பெயரில் வந்து நிற்கிறார். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது.

சுடும் நேரம் வந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. ஆறு தோட்டா பிடிக்கிற ரிவால்வரில் ஐந்துதான் போடுவார்கள், சுத்தியல் காலி அறையின்மேல்தான் இருக்க வேண்டும். தோட்டா ஏற்ற ஒரு மேசை, இறக்க ஒரு மேசை, ஒவ்வொன்றிலும் இன்னொருவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். சுடுகிறவர் பக்கத்தில் டைமரோடு ஒருவர், தவறிய சுடுகளை எண்ண மூன்று பேர். குறி என்பது இரும்புத் தகடு. தவறினால் ஒவ்வொன்றுக்கும் 5 வினாடி கூடும், குறைந்த நேரம் எடுத்தவருக்கு வெற்றி. தோட்டா உள்ள துப்பாக்கியைக் கீழே போட்டால் அன்றைய போட்டியே போச்சு, வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான். நம் கோயில் திருவிழாவில் வரிசையில் நிற்கக்கூட இவ்வளவு கட்டுப்பாடு நான் பார்த்ததில்லை.

இதில் ஒரு வேடிக்கை. சினிமாவில் நாம் பார்க்கிற கௌபாய் ஊரில் எல்லாரும் இடுப்பில் துப்பாக்கியோடு சுற்றுவார்கள். உண்மையில் அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊரில் அப்படிச் சுற்றக் கூடாது என்று ஊராட்சிச் சட்டமே இருந்தது. 1881 அக்டோபர் 26-ல் நடந்த புகழ்பெற்ற ஓ.கே. கொரால் சண்டையே, ஊர்க் காவல் அதிகாரி துப்பாக்கியைப் பறிக்கப் போனதில் வெடித்ததுதான். சுமார் அரை நிமிஷம், மூன்று பிணம். ஆக, தோட்டா இறக்கும் மேசையில் வரிசையாக நிற்கிற அண்ணனும் அவர் கூட்டாளிகளும் சினிமாவைவிட அந்தக் காலத்துச் சட்டத்துக்குத்தான் நெருக்கம்.

அப்படியென்றால் ஆட்சேபம் என்ன? நான் முதலில் அண்ணனிடம் சொன்ன காரணம் இது: "ஆயுத பூஜை நமக்குச் சோறு போடுற கருவிக்கு. உங்க துப்பாக்கி யாருக்கும் சோறு போடலயே." அவர் விடவில்லை. "பையனோட பேட்மிண்டன் ராக்கெட்ட வச்சோமே, அது சோறு போட்டுச்சா?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. ராக்கெட்டால் யாரும் சாகவில்லை என்று சொல்லலாம். ஆனால் அவருடைய துப்பாக்கியாலும் யாரும் சாகவில்லை. போன வருஷம் தொழிற்சாலையிலிருந்து வந்த நகல் அது.

சங்கடம் அங்கேதான். நகல் என்றால் எதன் நகல்? 1873 வின்செஸ்டரை 'மேற்கை வென்ற துப்பாக்கி' என்று அந்தக் கம்பெனியே விளம்பரம் செய்தது. வென்றது என்றால் யாரை? அங்கே ஏற்கெனவே மனிதர்கள் இருந்தார்கள். அபாச்சி, லகோட்டா, செயென் என்று பல இனத்தார். கதை ஒருதலையானதும் அல்ல: 1876-ல் லிட்டில் பிக்ஹார்ன் போரில் கஸ்டரின் படையை எதிர்த்தவர்கள் கையிலும் வின்செஸ்டர் இருந்தது. அங்கே ஒற்றைத் தோட்டா கார்பைனோடு வந்தவர்கள் ராணுவத்தார்தான். ஆனாலும் கடைசியில் நிலம் போனது யாருக்கு என்பது தெரிந்ததே. அமெரிக்க மத்திய சட்டப்படி 1898-க்குள் செய்த துப்பாக்கி 'பழம்பொருள்'. புதிய நகலை வாங்கக் கடையில் பின்னணிச் சோதனை உண்டு, அசலுக்கு அது தேவையில்லை. அதாவது உண்மையில் ஆளைக் கொன்றிருக்கக்கூடியதை, பழசாகிவிட்டது என்பதற்காகச் சட்டம் மறந்துவிடுகிறது. மைதானத்தில் நான் பார்த்ததும் அதே மறதிதான். துப்பாக்கியின் ஒவ்வொரு திருகும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாம் நிற்கிற இடம் யாருடைய நிலம் என்று நான் கேட்டபோது, அண்ணன் உட்பட யாருக்கும் தெரியவில்லை.

உடனே நம்மைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். தைப்பூசத்தில் நாம் சுமப்பதும் ஆயுதம்தானே? கழுத்தில் சின்ன வேல் போட்டிருக்கிற தம்பிகள் எத்தனை பேர்! வேல் சூரனைப் பிளந்த ஆயுதம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சூரபத்மன் பெயர் தெரியாமல் யாரும் வேலைக் கும்பிடுவதில்லை. கந்த சஷ்டி வந்தால் அவன் வாங்கிய வரம், அவன் மகன், தம்பி, கடைசியில் மாமரமாக நின்றது, பிளந்த பாதிகள் மயிலும் சேவலுமாக ஆனது வரை சொல்கிறோம். தோற்றவனின் கதையையும் சேர்த்துத்தான் அந்த ஆயுதம் பூஜைக்கு வருகிறது. இந்தக் கதை இல்லாமல் வேலை வெறும் செயினாகப் போட்டுக்கொள்கிறவனுக்கும், அபாச்சி பெயர் தெரியாமல் கௌபாய்த் தொப்பி போடுகிறவனுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. கோபம் வந்தால் எழுதுங்கள்.

அண்ணனிடம் நான் சொன்னது இதுதான்: "வெளையாடுங்கண்ணே, அதுல பாவம் ஒண்ணும் எனக்குத் தெரியல. பூஜையில வைக்கணும்னா, அது யாரு மேல பாஞ்சுச்சுன்னு உங்க பையன் சொல்லணும். அவன் சொல்ற வருஷம் வைங்க." அண்ணிக்கு இதில் பாதி திருப்திதான். அவர் கவலை பூஜை அறையைப் பற்றி மட்டும் அல்ல. அந்தப் போட்டியில் சிறுவர்களுக்கும் பிரிவு உண்டு, பையனுக்குப் பன்னிரண்டு வயது, அப்பாவோடு போக வேண்டும் என்று அடம்.

அண்ணன் வேலையைத் தொடங்கிவிட்டார். 1886 மார்ச்சில் ஃபிளை என்ற படக்காரர் எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது. ஓ.கே. கொரால் சண்டை நடந்ததே இவருடைய டூம்ஸ்டோன் ஸ்டூடியோவை ஒட்டிய காலி இடத்தில்தான். படத்தில் அபாச்சித் தலைவர் ஜெரோனிமோவும் மூன்று பேரும் துப்பாக்கியோடு நேராகக் கேமராவைப் பார்த்து நிற்கிறார்கள். அண்ணன் அதைப் பையனிடம் காட்டி, நான் வீடியோ காலில் இருக்கும்போது என்ன தோன்றுகிறது என்று கேட்டார்.

"அந்த நீளமான ரைபிள் என்ன மாடல், சித்தப்பா?" என்றான் முதலில். எனக்கு எங்கே தெரியும்! கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அப்பா பக்கம் திரும்பி, "இவங்கள்லாம் அப்புறம் எங்கப்பா போனாங்க?" என்றான்.

"புளோரிடாவுக்கு. ரயில்ல ஏத்தி, கைதியா," என்றார் அண்ணன். "ஜெரோனிமோ 1909-ல சாகுற வரைக்கும் கைதிதான்."

அண்ணி சமையலறையிலிருந்து வந்து பையன் பக்கத்தில் உட்கார்ந்தார்.