வாசலா, மதிலா?

முத்துக்குளிப்பு நடைபெற்ற நாள்களைக் கண்ணாரக் கண்டவர்கள் தூத்துக்குடியில் இன்று அருகிவிட்டனர். 1955க்கும் 1961க்கும் இடையே நடந்த குளிப்புகளே இக்கரையின் கடைசிப் பெருங்குளிப்புகள். எனினும் அத்தொழிலை ஆண்ட விதிகள் எண்ணிப் பார்க்கத் தக்கவை. பாரில் கிடக்கும் சிப்பிகளுள் சிலவற்றை முதலில் எடுத்துச் சோதிப்பார்கள். சிப்பி முதிர்ந்திருக்கின்றதா, முத்து தேறுமா என்று கணித்த பின்னரே குளிப்பு நாள் அறிவிக்கப்படும். இளஞ்சிப்பிகள் நிறைந்த பாரை அவ்வாண்டு தொடமாட்டார்கள். இளஞ்சிப்பியை ஒதுக்கியது அதனை இழிவாக எண்ணியதால் அன்று. அதன் பருவம் வரவில்லை என்பதால்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பரதவராயினும் முஸ்லிமாயினும், கடலுள் இறங்கும் குளியாளின் உயிர், தோணியில் கயிறு பிடித்து நிற்பவன் கையில் இருக்கின்றது. கீழிருந்து கயிறு அசைந்த கணமே அவன் இழுத்தாக வேண்டும். ஆதலின் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தானிடம் கொடுப்பதே சிறப்பென்பர். தன் சகோதரி கைம்பெண்ணாவதை அவன் பொறான் என்பது அதன் உட்பொருள். தன்னை முழுவதும் பிறன் கையில் ஒப்படைக்கும் மனிதன், அந்தக் கை யாருடையது என்பதைத் தானே தேர்ந்துகொள்கின்றான்.

இவ்விரு வழக்கங்களையும் மனத்திற்கொண்டு, அதே நகரின் பள்ளி மைதானம் ஒன்றை நோக்குவோம். காக்கி உடை அணிந்த சிறுவர்கள் வரிசை வகுத்து நிற்கின்றனர். தேசிய மாணவர் படையின் இளையோர் பிரிவு அது. சற்றுத் தொலைவில், வேலியோரமாக, அவ்வரிசையில் இடம் கிட்டாத சிலர் வேடிக்கை பார்த்து நிற்கின்றனர். உள்ளே நிற்பவர்க்கும் வெளியே நிற்பவர்க்கும் இடையே கிடப்பது ஒரு விதி. அவ்விதி வாசலா, மதிலா என்பதே நம் வினா.

பண்டித ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஏற்று, 1948இல் இயற்றப்பட்ட சட்டத்தால் பிறந்தது இப்படை. மறு ஆண்டே மாணவியர் பிரிவும் தோன்றியது. 'ஒற்றுமையும் ஒழுக்கமும்' என்பது அதன் இலக்கு மொழி. இளையோர் பிரிவில் சேர விரும்புவோர் உரிய வயதை எட்டியவராகவும், பதினெட்டரை வயதைக் கடவாதவராகவும் இருத்தல் வேண்டும். உடல்நலமும் நன்னடத்தையும் வேண்டும். பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். படைப்பிரிவு அமைந்த பள்ளியில் பயில்பவராகவும் இருத்தல் வேண்டும். இதில் சேர்ந்ததனாலேயே எவரும் போர்க்களம் செல்லக் கடமைப்பட்டவர் ஆகார்.

வயது பற்றிய விதியை முதலில் எடுத்துக்கொள்வோம். உஹதுப் போருக்கு முன் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் படையைப் பார்வையிட்டபோது, ஆர்வத்தோடு வந்து நின்ற சிறுவர் பலரைத் திருப்பியனுப்பினார்கள். பதினான்கு வயதினராயிருந்த இப்னு உமர் (ரலி) அவர்களும் திரும்பியவர்களுள் ஒருவர். பின்னர் அகழ்ப்போரின்போது, பதினைந்து வயதில், அவர்கள் ஏற்றுக்கொள்ளப்பட்டார்கள். பிற்காலத்தில் கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் அவர்கள் இச்செய்தியைக் கேட்டு, சிறுவர்க்கும் வளர்ந்தோர்க்கும் இடையிலான எல்லை இதுவே என விதித்தார்கள். இளஞ்சிப்பிப் பாரை மூடிவைத்த அறிவும் இதனைச் சார்ந்ததே. காப்பதற்காக விலக்கும் விதி, விலக்கப்பட்டவனுக்கும் நன்மை செய்கின்றது.

ஆனால் அதே உஹதின்போது நிகழ்ந்த மற்றொன்றையும் சரித்திர நூல்கள் பதிந்து வைத்துள்ளன. ராஃபிஉ என்னும் சிறுவர் வில்வித்தையில் வல்லவர் என்று எடுத்துரைக்கப்பட்டதால் அனுமதி பெற்றார். இதைக் கண்ட ஸமுரா என்னும் சிறுவருக்குப் பொறுக்கவில்லை. ராஃபிஉவை மல்யுத்தத்தில் தம்மால் வீழ்த்த முடியும் என்று முறையீடு சென்றது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அச்சொல்லைத் தள்ளிவிடவில்லை. இருவரையும் மற்போர் செய்யச் சொன்னார்கள். ஸமுரா வென்றார், அவருக்கும் வழி திறந்தது.

இந்நிகழ்ச்சியில் அடங்கியுள்ள நீதி ஆழமானது. விதி அங்கே இருந்தது; விதிக்கு ஒரு காரணமும் இருந்தது. அக்காரணம் தமக்குப் பொருந்தாது என்று ஒருவர் முறையிட்டபோது, அதனை மெய்ப்பிக்க அவருக்கு ஒரு களம் அமைத்துத் தரப்பட்டது. முறையீட்டுக்குச் செவி கொடுத்ததால் விதியின் மாண்பு குறையவில்லை. தன் காரணத்தை மறவாத விதி வாசலாக இருக்கின்றது. காரணத்தை மறந்துவிட்ட விதி மதிலாகிவிடுகின்றது. நாம் கையில் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் இதுவே.

இவ்வளவுகோல் கொண்டு விருப்பம் பற்றிய விதியை அளப்போம். மாணவன் தானே முன்வந்து சேரலாம் என்பதே 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் போக்கு. 1962இல் சீனப் போர் மூண்டதை அடுத்து, 1963இல் கல்லூரி மாணவர்க்கு இப்பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. 1968இல் மீண்டும் விருப்பத்திற்கு விடப்பட்டது. நாட்டுக்கு நேர்ந்த இடரை எண்ணினால் அக்கட்டாயத்தின் காரணம் விளங்காமற் போகாது. எனினும் ஒழுக்கம் என்பது அச்சத்தால் விளைவதன்று. நம்பிக்கையைக் கூடக் கட்டாயத்தின் வழியே கொணர்தலாகாது என்று கற்றவர்கள் நாம். கயிற்றைத் தானே தேர்ந்து கொடுத்த குளியாளின் பணிவும், கட்டியிழுக்கப்பட்டவனின் பணிவும் ஒன்றாகுமா?

விரும்பிக் கொடுத்த பணிவுக்கும் ஓர் எல்லை உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுப்பிய ஒரு சிறுபடையின் தலைவர், சினம் மேலிட்டு, விறகு அடுக்கித் தீ மூட்டச் சொல்லி, அதில் இறங்குமாறு தம் வீரர்க்கே கட்டளையிட்டார். நெருப்பிலிருந்து தப்பவன்றோ நாம் நபியிடம் வந்தோம் என்று அவர்கள் தயங்கி நின்றனர். தீயும் அணைந்தது; சினமும் தணிந்தது. செய்தியறிந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதில் இறங்கியிருந்தால் அவர்கள் ஒருபோதும் வெளியேறியிருக்கமாட்டார்கள் என்றும், கீழ்ப்படிதல் நல்லவற்றில் மட்டுமே என்றும் உணர்த்தினார்கள். பதின்மூன்று வயதுச் சிறுவனுக்கு இடப்புறம் திரும்பவும் வலப்புறம் திரும்பவும் கற்பிக்கும் நாம், இந்த ஒன்றையும் சேர்த்துக் கற்பித்தால்தான் அவன் கல்வி நிறைவுறும்.

அடுத்தது போட்டி. படையின் மாணவர் முகாம்களில் அணிநடை, துப்பாக்கி சுடுதல், வரைபடம் அறிதல் எனப் பல போட்டிகள் உள்ளன. கடற்படைப் பிரிவினர்க்குப் படகு வலித்தலும் கொடிச்சைகையும் கப்பல் மாதிரி அமைத்தலும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் சனவரியில் தில்லியில் கூடும் குடியரசு நாள் முகாமில், நாட்டின் பதினேழு இயக்குநரகங்கள் பிரதமரின் கொடிக்காகப் போட்டியிடுகின்றன. தமிழ்நாடும் புதுச்சேரியும் அந்தமானும் சேர்ந்து அவற்றுள் ஒன்று. களத்தில் நடுவர்கள் நேர்மையாளராக இருக்கலாம். கோடு அனைவர்க்கும் ஒரே கோடாகவும் இருக்கலாம். ஆனால் கோட்டுக்கு வந்து சேர்ந்தவர் யார்?

நம் கடற்கரைக் குப்பத்துச் சிறுவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். நடை பழகும் முன்பே தோணியில் ஏறியவன் அவன். துடுப்பு அவனுக்கு இன்னொரு கை. அவன் பயிலும் சிற்றூர்ப் பள்ளிக்குப் படைப்பிரிவு ஒதுக்கப்படவில்லையெனில், படகு வலிக்கும் போட்டியில் அவன் தோற்பதுகூட இல்லை. அவன் அங்கே இருப்பதே இல்லை. இடங்கள் எண்ணி ஒதுக்கப்படுவதால், ஒரு பள்ளியின் பெயர் பட்டியலில் இருப்பதும் இல்லாமற்போவதும் அப்பள்ளிப் பிள்ளைகளின் விதியாகிவிடுகின்றது. 2020ஆம் ஆண்டு விடுதலை நாளன்று, எல்லைப்புறமும் கடலோரமுமான 173 மாவட்டங்களில் ஓர் இலட்சம் மாணவரைப் புதிதாகச் சேர்ப்பதாகவும், அவருள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருப்பர் எனவும் பிரதமர் அறிவித்தார். வரவேற்கத் தக்க அறிவிப்பு அது. கடைசிக் குப்பத்துப் பள்ளி வரை அது எட்டும்போதே அதன் பொருள் நிறைவுறும்.

மதீனாவில் நடந்த குதிரைப் பந்தயங்கள் இங்கே நினைவுக்கு வருகின்றன. பயிற்றுவிக்கப்பட்ட குதிரைகளுக்கு ஐந்தாறு மைல் தொலைவும், பயிற்சி பெறாதவற்றுக்கு ஏறக்குறைய ஒரு மைல் தொலைவும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இரு பந்தயங்களாக வகுத்தார்கள். எல்லாக் குதிரைகளையும் ஒரே கோட்டில் நிறுத்துவது எளிது. வாய்ப்புப் பெற்றதையும் பெறாததையும் பிரித்தறிந்து நிறுத்துவதே நீதி.

இறுதியாக உடை. இது நம் இல்லங்களைத் தொடும் வினாவாதலால் நிதானத்துடன் அணுகுவோம். மலைக்கு அப்பால் கேரளத்தில், 2010இல் தொடங்கப்பெற்ற மாணவர் காவல் படை என்னும் அமைப்பு உயர்நிலைப் பள்ளிகளில் இயங்கி வருகின்றது. அதில் சேர்ந்து, தலைமுக்காட்டும் முழுக்கைச் சட்டையும் அணிய அனுமதி வேண்டினாள் எட்டாம் வகுப்பு முஸ்லிம் மாணவி ஒருத்தி. உயர்நீதிமன்றம் அவளை அரசிடம் முறையிடச் சொல்ல, 2022 சனவரியில் அரசு அவ்வேண்டுகோளை மறுத்துவிட்டது. அவ்வாறு இசைந்தால் பிற படைகளிலும் இதுபோன்ற கோரிக்கைகள் எழும், சமயச்சார்பின்மைக்கு ஊறு நேரும் என்பது அரசு கூறிய காரணம்.

அரசின் கூற்றில் உண்மையே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். சீருடைக்கு ஓர் அறம் உண்டு. செல்வன் வீட்டுப் பிள்ளையும் வலை பின்னுபவன் பிள்ளையும் ஒரே துணியில் நிற்கும்போது, பெருமை பேச இருவர்க்கும் ஏதுமில்லை. இஹ்ராம் உடையின் பொருள் அறிந்த நமக்கு இதனைப் பிறர் விளக்க வேண்டுவதில்லை. ஆயினும் நம் அளவுகோலை இங்கும் வைத்துப் பார்க்க வேண்டும். சீருடையின் காரணம் ஏற்றத்தாழ்வை அகற்றுவது. அதே நிறத்தில், அதே துணியில் அமைந்த ஒரு முக்காடு எந்த ஏற்றத்தாழ்வை உண்டாக்குகின்றது? அணிநடையையோ ஓட்டத்தையோ அது தடுக்கின்றதா? தடுக்கின்றதெனில், ஸமுராவுக்குக் கிடைத்தது போன்ற ஒரு களத்தில் அது மெய்ப்பிக்கப்படட்டும். சீக்கியச் சகோதரர்கள் தலைப்பாகையுடன் நம் இராணுவத்தில் நெடுங்காலமாக அணிவகுத்து வருகின்றனர்; அதனால் எந்த வரிசையும் கோணவில்லை. ஒருமை என்பது வேறு, ஒரே அச்சு என்பது வேறு. பிறரும் கேட்பார்களே என்னும் அச்சம், கேட்டவளின் வேண்டுகோளுக்கு விடையாகாது.

இவ்வளவும் சொன்ன பின், அதே அளவுகோலை நம் வீட்டு வாசலிலும் வைக்காவிடில் நாம் நேர்மையுடையவர் ஆகோம். படையில் சேரப் பெற்றோரின் கையொப்பம் வேண்டும் என்ற விதி, பிள்ளையைக் காப்பதற்காக அமைந்தது. அக்கையொப்பத்தை மறுக்கும் நாம், காரணத்தை எண்ணி மறுக்கின்றோமா, பழக்கத்தால் மறுக்கின்றோமா? அதெல்லாம் நம் பிள்ளைகளுக்கு எதற்கு என்று ஒரு சொல்லில் முடித்துவிடும் தகப்பனார்கள் நம்மிடையே உண்டு. முகாமுக்குச் செல்ல விரும்பும் மகளிடம், யார் உடன் வருகின்றார்கள், எங்கே தங்குவாய், தொழுகைக்கு வசதி உண்டா என்று கேட்பது காவல். கேட்காமலேயே கதவைச் சாத்துவது காவலாகாது. அவள் முறையீட்டுக்கு ஒரு களம் அமைத்துக் கொடுத்தோமா? அரசு எழுப்பிய மதிலைச் சுட்டும் விரல், வீட்டுக்குள் நாமே எழுப்பிய மதிலையும் சுட்ட வேண்டாமா?

உள்ளே சென்ற பிள்ளைக்கும் ஒரு சொல். சான்றிதழ் பயன் தரும். சி சான்றிதழில் உரிய தரம் பெற்ற பட்டதாரி, எழுத்துத் தேர்வு இன்றியே இராணுவ அதிகாரிக்கான நேர்முகத் தேர்வுக்குச் செல்ல வழியுண்டு. ஆனால் செயலின் மதிப்பு எண்ணத்தில் இருக்கின்றது. வென்றால் தருக்க வேண்டா. தோற்றால் துவள வேண்டா. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ஒட்டகம் அள்பா, எவராலும் முந்தப்படாதது என்று பெயர் பெற்றிருந்தது. ஒருநாள் நாட்டுப்புறத்து அரபி ஒருவரின் ஒட்டகம் அதனை முந்திவிட்டது. தோழர்கள் வருந்தினர். உயர்ந்த எதனையும் இறைவன் தாழ்த்தியே தீருவான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அமைதியாகக் கூறினார்கள். அந்த நாட்டுப்புறத்தவரைப் பந்தயத்திற்கு வரவிடாமல் தடுத்திருந்தால், அள்பாவின் புகழ் நிலைத்திருக்கும். இந்த ஞானம் நமக்குக் கிட்டியிராது.

வேலியோரம் நிற்கும் பிள்ளைகளை மறுபடியும் நினைவோம். அவர்களுள் சிலருக்கு இன்னும் பருவம் வரவில்லை, அவர்கள் காத்திருக்கலாம். சிலருடைய பள்ளிக்கு இடம் வரவில்லை. அதற்காக நாம் குரல் கொடுக்க வேண்டும். சிலரை உடையும், சிலரை நம் மறுப்பும் நிறுத்தி வைத்துள்ளன. அவர்களுக்கு நாம் விடை சொல்லியாக வேண்டும். தன் பிள்ளையின் கயிற்றை ஓர் அமைப்பின் கையில் கொடுக்கும் சமுதாயம், அந்தக் கை தன் மைத்துனனின் கை போன்றது என்று நம்பும் நாள் வர வேண்டும். அந்த நம்பிக்கையை வளர்க்கும் கடமை, கயிறு பிடிப்பவர்க்கும் உண்டு, கொடுப்பவர்க்கும் உண்டு. அதற்கு வல்ல இறைவன் அருள்புரிவானாக.