ஊர்ப்பணிக்கு ஊதியம்



தாராபுரம் வட்டாரத்திலிருந்து கம்பெனி வேனிலும் விடியற்காலைப் பேருந்திலும் திருப்பூருக்கு வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் பலர். கட்டிங், தையல், செக்கிங் என ஏதேனும் ஒரு வேலை கிடைத்து விடுகிறது. பெற்றோரும் மகிழ்கிறார்கள். அதில் குறைகூற ஏதுமில்லை. ஆனால் அதே வீட்டில் ஒரு பிள்ளை, "சமூகப்பணி படித்து அநாதை நிலையத்தில் வேலைக்குச் சேரப் போகிறேன்" என்று சொல்லிவிட்டால், "அல்லாஹ்வுக்காகச் செய்ய வேண்டிய காரியத்திற்குச் சம்பளமா?" என்று அத்தாவின் முகம் மாறிவிடுகிறது.

ஸக்காத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரை ஸூரத்துத் தவ்பாவின் 60-வது ஆயத்தில் அல்லாஹ் வகுத்துள்ளான். ஏழைகளுக்கும் வறியவர்களுக்கும் அடுத்து மூன்றாவதாக அவன் வைத்திருப்பது, அந்த ஸக்காத்தை வசூலித்துப் பங்கிடும் ஊழியர்களையாகும். அவர்கள் ஏழைகளாக இருந்தாக வேண்டுமென்பதில்லை. அது உழைப்பின் கூலி. ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் காலத்தில் அப்துல்லாஹ் இப்னு ஸஃதீ (ரலி) அவர்கள், தமக்கு வசதியிருக்கிறதென்று ஊதியத்தை மறுத்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் தாமும் அவ்வாறே மறுத்ததையும், வாங்கிக்கொண்டு வேண்டுமானால் தர்மம் செய்யும்படி அண்ணலார் பணித்ததையும் உமர் (ரலி) அவர்கள் எடுத்துரைத்து, அவரைத் தடுத்தார்கள். இது புகாரி ஷரீபில் பதிவாகியுள்ளது.

ஹழ்ரத் அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள் துணி வியாபாரி என்பதைத் துணி நெய்தும் தைத்தும் பிழைக்கும் நம் பகுதியினர் நினைவில் வைப்பது நல்லது. கலீபாவான பின்னும் அவர்கள் துணிகளைச் சுமந்து கடைவீதிக்குப் புறப்பட்டார்கள். வழியில் கண்ட உமர் (ரலி) அவர்களும் அபூஉபைதா (ரலி) அவர்களும் தடுத்து, பைத்துல்மாலிலிருந்து குடும்பச் செலவுக்கு ஏற்பாடு செய்தார்கள் என அறிவிக்கப்படுகிறது. மரண வேளையிலோ, பதவிக்காலத்தில் தம் உடைமையில் கூடியது எதுவோ அதைக் கணக்கிட்டு அடுத்த கலீபாவிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள். தண்ணீர் சுமக்கும் ஒட்டகமும் அதில் ஒன்று!

சம்பளம் வேறு, கையூட்டு வேறு. ஸக்காத் வசூலித்து வந்த ஒருவர், "இது உங்களுக்கு, இது எனக்கு வந்த அன்பளிப்பு" என்றபோது, அவர் தம் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது தேடி வந்திருக்குமா எனக் கேட்டு, அண்ணலார் மிம்பரில் ஏறிக் கண்டித்தார்கள்.

இன்று பனியன் தொழிலாளிக்கு பி.எஃப். விண்ணப்பம், இ.எஸ்.ஐ. சிகிச்சை, வேலைக்குச் செல்லும் தாயின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்குப் பேச்சுத் துணை என எத்தனையோ தேவைகள். மதம் பாராமல் இவற்றைச் செய்யப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். சென்னை சமூகப்பணிப் பள்ளி 1952-லேயே தொடங்கப்பட்டது. கோவையிலும் இப்படிப்பு உண்டு. நம் பெண்பிள்ளைகளுக்கும் இது பொருத்தமான துறையே.

நம் ஜமாஅத்துகளையும் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். மினாராவுக்கு வண்ணம் பூசப் பணம் திரள்கிறது; பிலாலின் சம்பள உயர்வோ அடுத்த கூட்டத்திற்குத் தள்ளிப் போகிறது. பள்ளிவாசல், மதரஸா, தர்கா, அநாதை நிலையப் பணியாளர்களுக்காக 2009-இல் தமிழக அரசு உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியத்தை அமைத்தது. உங்கள் மஹல்லாவின் மோதினார் அதில் பதிவு செய்திருக்கிறாரா என்று இந்த ஜும்ஆவிலேயே முத்தவல்லியிடம் கேட்டுப் பாருங்கள்.